மூங்கிலடியிலிருந்து மூங்கில் ஆற்றுக்கு

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்கா என்ற பெயருக்கும் தேக்கு மரத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஹொக்கியன் சீனத்தில் அதற்கு ‘மூங்கிலடி’ என்று பொருள். ரோச்சோர் ஓடைக்கரையில் மூங்கில் புதர் மண்டிக் கிடந்த காலத்துப் பெயர். பக்கத்திலிருக்கும் பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் எருமையால் பெயர் பெற்றவை. மலாயில் ‘கெர்பாவ்’ என்றாலும் எருமைதான். 19ஆம் நூற்றாண்டின் மாட்டு வியாபாரிகள் இங்கே பட்டி போட்டது புல்லையும் தண்ணீரையும் பார்த்து. எருமைக்குப் புரள ஒரு குட்டை வேண்டுமே! நாம் நாள்தோறும் சொல்லும் சிராங்கூன்கூட, ‘ரங்கோங்’ என்ற சதுப்புநிலப் பறவையின் பெயரிலிருந்து வந்ததாகத்தான் பரவலாகச் சொல்கிறார்கள்.

ஆக, வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, கோமள விலாஸில் தோசை தின்று, முஸ்தபாவில் பெட்டி கட்டும் சுற்றுலாப் பயணி நிற்பது ஒரு பழைய ஈரநிலத்தின் தலைமேல். ராஃபிள்ஸ் வந்த காலத்தில் தீவின் பரப்பில் ஏறக்குறைய 13 விழுக்காடு அலையாத்திக் காடாக இருந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று ஒரு விழுக்காடுகூட இல்லை. மிச்சத்தைப் பார்க்க வடக்கே, ஜொகூர் நீரிணையின் கரைக்குப் போக வேண்டும். அந்த இடத்தின் பெயர் சுங்கை பூலோ. மலாயில் ‘மூங்கில் ஆறு’.

லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறி, அடுத்த நிலையமான நியூட்டனில் மாறி, கிராஞ்சியில் இறங்கி 925ஆம் எண் பஸ்ஸைப் பிடித்தால் போதும். காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். கட்டணம் இல்லை.

சிதம்பரத்திலிருந்து வந்திருந்த அக்காவை அங்கே கூட்டிப் போனேன். “சேத்தப் பாக்கவா பிளேன் ஏறி வந்தேன்? பிச்சாவரத்துல இல்லாத சேறாடா?” என்று பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டாள். கேள்வி நியாயம்தான். ஆனால் பிச்சாவரத்தில் அவள் பார்த்தது படகிலிருந்து. படகு போகத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் நிற்கும்போது சேறு தன் கதையைச் சொல்லாது. சுங்கை பூலோவில் சேற்றுக்கு மேலேயே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். ஓதம் வற்றிய நேரத்தில் அதில் குனிந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடமே ஒரு தற்செயல். இங்கே இருந்தவை இறால் குளங்கள். ஓதம் ஏறும்போது மதகைத் திறந்தால் கடல்நீரோடு இறால் குஞ்சுகள் உள்ளே வரும். வற்றும்போது மதகில் வலையைக் கட்டினால் வளர்ந்தவை சிக்கும். 1986இல் பறவை ஆர்வலர்கள் சிலர் இங்கே வந்து பார்த்தபோது, குளத்துச் சேற்றில் வலசைப் பறவைகள் கூட்டம் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. அவர்கள் அரசிடம் மன்றாட, 1989இல் 87 ஹெக்டேர் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993இல் திறப்பு, 2002இல் சட்டப் பாதுகாப்பு. நிலத்தைக் கடலிலிருந்து சதுர அடி சதுர அடியாக மீட்கும் ஊர் ஒரு சேற்றை விட்டுவைத்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல வற்றம். முதலில் வரவேற்றது நாற்றம். அழுகிய முட்டை வாடை. அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். இந்தச் சேற்றில் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் கீழே ஆக்சிஜன் அநேகமாக இல்லை. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரின் சல்பேட்டை வைத்துக் காலம் தள்ளுகின்றன. அவை வெளியே விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் வாடைதான் அது. மரங்கள் என்ன செய்யும்? வேரை மேலே அனுப்புகின்றன. பென்சிலை நட்டு வைத்ததுபோல் ஆயிரக்கணக்கில் நிற்கும் மூச்சு வேர்கள், மேலே உள்ள நுண்துளைகள் வழியாகக் காற்றை இழுத்துக் கீழே அனுப்புகின்றன.

அந்தப் பென்சில்களுக்கு நடுவே ஏதோ துள்ளியது. “தவளையா?” மீன். உளுவை இனத்தைச் சேர்ந்த சேற்றுத்தாவி. மார்புத் துடுப்புகளைக் கைத்தடிபோல் ஊன்றி நகர்ந்து, சட்டென்று நின்று, உச்சந்தலையில் முழித்துக்கொண்டிருக்கும் கண்களில் ஒன்றை உள்ளே இழுத்துக்கொண்டது. கண்ணுக்கு அடியில் ஒரு சிறு ஈரக்கிண்ணம் உண்டு. அதில் முக்கி எடுத்தால் கண் காயாது. தோலும் வாயின் உட்புறமும் நனைந்திருக்கும் வரை காற்றிலேயே மூச்சுவிடும். நான் இதைவிட வியப்பது அதன் குடும்ப வாழ்க்கையை. இந்த மீனின் நெருங்கிய இனமொன்றை ஜப்பானில் ஆராய்ந்திருக்கிறார்கள். வளைக்குள் முட்டைகள் அறையின் கூரையில் ஒட்டியிருக்கும். கீழேயுள்ள தண்ணீரில் ஆக்சிஜன் அநேகமாகக் கிடையாது. அதனால் ஆண்மீன் மேலே வந்து வாய் நிறையக் காற்றை அள்ளிக்கொண்டு போய் அறையை நிரப்பும். பொரிக்கும் வேளை வந்ததும், இரவு ஓதம் ஏறும் நேரமாகப் பார்த்து, அதே காற்றை வாய் வாயாக வெளியே கொண்டு வந்து கொட்டும். தண்ணீர் ஏறி முட்டையைத் தொட்டதும் குஞ்சு வெளியே வரும்.

அக்காவின் முந்தானை எப்போது மூக்கைவிட்டு இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை.

பாதையோரம் ஆப்பி-ஆப்பி என்று மலாயில் சொல்லும் மரம். நம் வெண்கண்டலின் உறவு. இலையைப் பறிக்கக் கூடாது. விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். “உப்புக் கரிக்குது!” உறிஞ்சிய உப்பை இலையின் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளுகிறது அது. சுரபுன்னைக்கு வேறு வழி: பெரும்பகுதி உப்பை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடும். இதே பிரச்சினை இங்கே திரியும் உவர்நீர் முதலைக்கும் உண்டு. அதன் நாக்கில் உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. “கிட்ட போகாதீர்கள்” என்ற எச்சரிக்கைப் பலகை அங்கங்கே இருப்பதால் அதைச் சரிபார்க்க நாங்கள் முயலவில்லை.

சிங்கப்பூரின் சதுப்புக் காடுகளில் ‘பூத்தா-பூத்தா’ என்றொரு மரம் உண்டு. ‘பூத்தா’ என்றால் குருடு. அதன் வெள்ளைப் பால் கண்ணில் பட்டால் பார்வை போகக்கூடும், தோலில் பட்டால் கொப்புளம் வரும். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று அக்காவிடம் சொன்னதும் நின்றுவிட்டாள். தில்லை. நடராஜர் கோயிலின் தலமரம். தில்லை நகரில் பிறந்து, தில்லையில் வாக்கப்பட்டு, அந்த மரத்தை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தில்லையும் ஒரு காலத்தில் அலையாத்திக் காட்டு ஓரம்தான். ஊர் வளர்ந்தது, பெயர் மட்டும் நின்றது. தேக்காவுக்கு நேர்ந்ததும் இதேதான்.

பறவை பார்க்க வருகிறவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு: வற்றத்தில் வருவது. வற்றத்தில் பறவைகள் வெளிச்சேற்றில் பரந்து மேயும்; தொலைநோக்கியில் புள்ளியாகத் தெரியும். ஓதம் ஏறி வெளிச்சேறு மூழ்கியதும் எல்லாம் உள்குளங்களுக்கு வந்து ஒதுங்கும். அன்றைய இறால் மதகுகளைக் கொண்டே குளத்துத் தண்ணீரை முழங்கால் நனையும் அளவில், அதாவது பறவையின் முழங்கால் நனையும் அளவில், நிறுத்தி வைக்கிறார்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை சீசன். கோடியக்கரைக்கு வரும் பவளக்காலி இங்கேயும் வரும். எடை ஏறக்குறைய 120 கிராம். இங்கே கருவி கட்டி அனுப்பிய பவளக்காலிகள் இமயத்தைத் தாண்டித் திபெத்தியப் பீடபூமிக்குப் போய்க் குஞ்சு பொரித்திருக்கின்றன. பசிபிக் தங்க உப்புக்கொத்திகளோ சைபீரியாவின் உறைபனி வெளிகளிலிருந்து வருபவை.

இப்படி நெடுந்தொலைவு வலசை போகும் இன்னொரு பறவை பட்டைவால் மூக்கன். 2022 அக்டோபரில் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில், ஒருமுறைகூடத் தரையிறங்காமல் பறந்து முடித்தது. கிளம்புமுன் இந்த இனம் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாக ஏற்றிக்கொள்ளும். வழியில் வேலையில்லாத இரைப்பையையும் குடலையும் சுருக்கிக்கொள்ளும்.

“முப்பது கிலோ லக்கேஜுக்கு நான் பட்ட பாடு” என்றாள் அக்கா.

மதியம் ஓதம் ஏறத் தொடங்கியது. பறவைக்குடிலின் மரச்சட்டத்தின் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். ஜொகூர் பாரு அடுக்குமாடிகளின் பக்கமிருந்து ஒரு கூட்டம் தாழப் பறந்து வந்து குளத்தில் இறங்கியது. இறங்கிய கையோடு ஒவ்வொன்றாக ஒரு காலை மடக்கி வயிற்றுக்குள் செருகிக்கொண்டு, காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றன. அக்கா எண்ண ஆரம்பித்தாள். நாற்பதைத் தாண்டும்போது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.