இரண்டு சூரிய உதயம் பார்த்த விமானம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கூகுள் எர்த்தைத் திறந்ததும் முதலில் தேடுவது தங்கள் வீட்டு மொட்டை மாடியைத்தான். தாராளமாகத் தேடுங்கள். அது முடிந்ததும் என்னோடு ஒரு பழைய விமானப் பாதையில் வாருங்கள். டெஸ்க்டாப்பில் இயங்கும் கூகுள் எர்த் புரோ 2015 முதல் இலவசம்தான்.

1930களில் தொலைதூரப் பயணிகளைச் சுமந்தவற்றில் பறக்கும் படகுகள் முக்கியமானவை. இந்த விமானங்களின் வயிற்றுப் பகுதி படகு போல இருக்கும். நீண்ட ஓடுதளங்கள் அரிதாக இருந்த காலம் அது. ஏரியோ ஆறோ இருந்தால் இறங்கிவிடலாம். 1938ல் சிட்னியில் ஏறியவர்கள், வழியில் கல்கத்தா, அலகாபாத், குவாலியர், கராச்சி என்று நீர்நிலைகளில் இறங்கி இறங்கி, ஒன்பது பத்து நாட்களில் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் போய்ச் சேர்ந்தார்கள். இரவுத் தூக்கம் ஓட்டலில்!

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. பாதை நடுவில் அறுந்துபோனது. அதை மீண்டும் இணைக்க, 1943ல் குவான்டாஸ் நிறுவனம் கேட்டலினா என்ற பறக்கும் படகை இந்தியப் பெருங்கடலுக்குக் குறுக்கே ஓட்டத் தொடங்கியது. ஒரு முனை ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரின் ஸ்வான் ஆறு. மறுமுனை இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல ஏரி.

இப்போது மவுஸைப் பிடியுங்கள். கூகுள் எர்த்தின் டூல்ஸ் மெனுவில் ரூலர் என்பதைக் கிளிக் செய்யுங்கள். அளவைக் கிலோமீட்டருக்கு மாற்றிக்கொண்டு, கொக்கல ஏரியில் ஒரு கிளிக், பெர்த்தில் ஒரு கிளிக். எனக்குச் சுமார் 5,650 கி.மீ. என்று வந்தது. கேட்டலினாவின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. கால்குலேட்டரில் வகுத்துப் பாருங்கள்: 28 மணி நேரம்! காற்றைப் பொறுத்து 27 முதல் 33 மணி வரை ஆனது. வானத்திலேயே இரண்டு சூரிய உதயம் பார்த்துவிடலாம் என்பதால்தான் இதற்கு டபுள் சன்ரைஸ் என்று பெயர். இவ்வளவு தூரத்துக்கும் பெட்ரோல் சுமக்க வேண்டியிருந்ததால், மிச்சம் இருந்த இடம் 3 பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே. நம் ஊர் ஷேர் ஆட்டோவில் இதைவிட அதிகம் பேர் போவார்கள்.

நீங்கள் வரைந்த கோட்டை ஜூம் செய்து பாருங்கள். கொக்கோஸ் தீவுகள் என்ற சின்னப் புள்ளியைத் தவிர எங்கும் தண்ணீர். ஜப்பானியருக்குக் கேட்டுவிடும் என்பதால் ரேடியோவில் பேசக்கூடாது. அப்படியானால் வழி கண்டுபிடித்தது எப்படி? இதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் ஸ்டெல்லேரியம் என்ற இன்னொரு இலவச சாஃப்ட்வேரைத் திறந்தேன்.

எஃப்6 கீயை அழுத்தி இடத்தைத் தெற்கு அட்சம் 13, கிழக்கு தீர்க்கம் 98 என்று வையுங்கள். எஃப்5 அழுத்தித் தேதியை 1943 ஜூலைக்கு மாற்றி, அந்த இடத்து நேரப்படி இரவு ஒன்பது மணி என்று வையுங்கள். கடல் நடுவே அவர்கள் பார்த்த வானம் உங்கள் மானிட்டரில்! உச்சிக்கு அருகே அன்டாரிஸ், மேற்கே ஸ்பைகா, வடகிழக்கே வேகா, கிழக்கே ஆல்டேர். நமக்குப் பழகிய பெயரில் சொன்னால் கேட்டை, சித்திரை, அபிஜித், திருவோணம். விடியற்காலை வரை நேரத்தை நகர்த்தினால் கிழக்கில் ரைஜல் எழும். குவான்டாஸ் தன் ஐந்து கேட்டலினாக்களுக்கும் வைத்த பெயர்கள் இந்த ஐந்து நட்சத்திரங்களுடையவைதான். அவற்றைப் பார்த்துத்தான் வழி கண்டார்கள்.

நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று செக்ஸ்டன்ட் கருவியால் அளப்பார்கள். சரியான நேரத்தையும் அட்டவணைப் புத்தகத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், வரைபடத்தில் ஒரு கோடு கிடைக்கும். விமானம் அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறது. இன்னொரு நட்சத்திரத்துக்கு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் நாம்! இன்று உங்கள் செல்போனில் உள்ள ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களை வைத்துக்கொண்டு நொடியில் போடுவதும் கிட்டத்தட்ட இதே மாதிரிக் கணக்குதான். ஆடும் விமானத்தில் பென்சிலும் தாளுமாக இதை ஒருவர் இரவெல்லாம் செய்தார் என்பதுதான் எனக்கு இன்னும் நம்ப முடியாமல் இருக்கிறது. மேகம் மூடிவிட்டால் வேகம், திசை, கடந்த நேரம் இவற்றை வைத்து உத்தேசக் கணக்குதான்.

1945 ஜூலை வரை 271 முறை கடலைக் கடந்தார்கள். ஒரு விமானம்கூடத் தொலையவில்லை.

போருக்காக உலகம் முழுவதும் நீண்ட ஓடுதளங்கள் போடப்பட்டிருந்தன. தரையில் இறங்கும் பெரிய விமானங்களும் வந்துவிட்டதால் பறக்கும் படகுகளின் தேவை குறைந்தது. அந்தக் கேட்டலினாக்களும் போர் முடிந்தபின் ஆஸ்திரேலியக் கடலில் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டன. கொக்கல ஏரியைக் கூகுள் எர்த்தில் பெரிதாக்கினால், பக்கத்திலேயே ஓர் ஓடுதளம் நீளமாகத் தெரியும்.