வெண்பனியும் விவேகமும்

மார்கழி பிறந்துவிட்டால் நம் கறம்பக்குடி வீடுகளில் விடியற்காலையில் ஒரே பேச்சுத்தான்: "பனி கொட்டுகிறது, தலையை மூடிக்கொண்டு போ!" வைக்கோற்போரின் மேலும் வாழையிலையின் மேலும் முத்து முத்தாய் நிற்கும் அந்தப் பனி, வெயில் ஏறியதும் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். அதைக் கண்டு நாம் அஞ்சுவது சளிக்கும் இருமலுக்கும் மட்டுமே.

ஆனால் ஆகஸ்டு 5-ஆம் நாள் பனிமய மாதாவின் திருவிழாவில் நாம் நினைவுகூரும் பனி இதுவன்று. 4-ஆம் நூற்றாண்டில், கடுங்கோடையில், உரோமை நகரின் எஸ்குவிலின் குன்றில் வெண்பனி பெய்து, ஆலயம் எழுப்ப வேண்டிய இடத்தை அன்னை காட்டினார் என்பது வழிவழி வந்த மரபு. அது வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கும் பனி. குளிர்நாடுகளில் அது மாதக்கணக்கில் தரையில் தங்கும். வெப்ப நாட்டவராகிய நமக்கு இரண்டிற்கும் 'பனி' என்ற ஒரே சொல் போதுமானதாயிருக்கிறது. காஷ்மீர மக்களோ வானிலிருந்து விழும் வெண்பனிக்கு 'ஷீன்' என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஷீனைப் பற்றியும், அதன்மேல் சறுக்கிச் செல்வோர் கற்க வேண்டிய பாடத்தைப் பற்றியும் இங்கே காண்போம்.

குல்மார்க்கும் தொட்டபெட்டாவும்

காஷ்மீரில் பீர்பஞ்சால் மலைத்தொடரின் மடியில் அமைந்துள்ளது குல்மார்க். 'மலர்ப் புல்வெளி' என்பது அப்பெயரின் பொருள். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் சுமார் 2,650 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டாச் சிகரமும் 2,637 மீட்டர் உயரமுள்ளது. உயரம் ஏறக்குறைய ஒன்றாயிருந்தும், தொட்டபெட்டாவில் மார்கழி, தை மாதங்களில் புல்நுனியில் உறைபனி படிவதோடு சரி. குல்மார்க்கிலோ ஆள் உயரத்திற்குப் பனி குவிகிறது. ஏன் இந்த வேறுபாடு?

தொட்டபெட்டா நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கே இருக்கிறது. குல்மார்க் 34 பாகை வடக்கே இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே கதிரவனின் ஒளி மிகச் சாய்ந்து விழுகிறது, பகலும் குறுகியது. அத்துடன், மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து கிளம்பும் 'மேற்கத்திய இடையூறு' என்னும் காற்றுச் சுழல்கள் ஈரத்தைச் சுமந்துகொண்டு ஈரானையும் ஆப்கானிஸ்தானத்தையும் கடந்து இமயத்தில் வந்து மோதுகின்றன. புனித பவுல் புயலில் சிக்கி மால்தா தீவில் கரையேறினாரே, அந்தக் கடலின் பக்கமிருந்து கிளம்பும் ஈரம்தான் காஷ்மீரத்தில் பனியாய்ப் பெய்கிறது!

டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கும் கடுங்குளிரின் 40 நாட்களைக் காஷ்மீர மக்கள் 'சில்லை கலான்' என்பார்கள். அந்நாட்களில் விழும் பனியே நெடுநாள் கரையாமல் நின்று, கோடையில் ஆறுகளுக்கு நீர் ஊட்டுகிறது. ஆயினும் எல்லா ஆண்டும் ஒரே அளவு பெய்வதில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பனியின்றிப் பழுப்பாய்க் கிடந்தது. 2025-இல் பனி போதாமையால், பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. மழை பொய்த்தால் நம் கண்மாய் படும் பாட்டைப் போன்றதுதான் இதுவும்.

பாதையும் பாதைக்கு வெளியும்

நீண்ட இரு பலகைகளைக் காலணியோடு பூட்டிக்கொண்டு பனிச்சரிவில் வழுக்கி இறங்குவதே பனிச்சறுக்கு. 2018-இல் துருக்கியில் நடந்த போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்று, இவ்விளையாட்டில் நம் நாட்டிற்கு முதல் சர்வதேசப் பதக்கத்தைத் தேடித் தந்தவர் மணாலியைச் சேர்ந்த ஆஞ்சல் தாக்கூர் என்னும் இளம்பெண் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

சறுக்கும் இடங்கள் இருவகைப்படும். முதலாவது, இயந்திரத்தால் அழுத்திச் சமன் செய்து, கொடி நட்டு, காவலர் கண்காணிக்கும் பாதை. இரண்டாவது, மனிதர் கை படாத திறந்த மலைச்சரிவு. அங்கே கொடியுமில்லை, வேலியுமில்லை. புதுப்பனி மாவுபோல் மெத்தென்று கிடக்கும். அனுபவமுள்ளவர்கள் விரும்பிப் போவது அங்கேதான்.

அப்படிப்பட்ட சரிவுகளில் பழங்காலம் முதல் ஏறுவது காலால்தான். பலகையின் அடியில் நீளமான ஒரு மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். முற்காலத்தில் அது கடல்நாயின் தோல்; இன்று ஆட்டுமயிராலோ நைலானாலோ செய்யப்படுகிறது. பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் மயிர் தடுக்கும் அல்லவா? அதுபோலவே இப்பட்டை முன்னே வழுக்கும், பின்னே வழுக்க விடாது. உச்சியை அடைந்ததும் பட்டையை உரித்துச் சுருட்டி வைத்துவிட்டுச் சறுக்கி இறங்குவார்கள்.

குல்மார்க்கில் இதற்கு வேறொரு வசதியும் உண்டு. கம்பியில் தொங்கிச் செல்லும் 'கோண்டோலா' என்னும் ஊர்தி 1998-இல் முதற்கட்டமாகவும், 2005-இல் இரண்டாம் கட்டமாகவும் இயங்கத் தொடங்கியது. அபர்வட் மலையில் சுமார் 3,950 மீட்டர் உயரம்வரை அது சில நிமிடங்களில் கொண்டு சேர்த்துவிடுகிறது. இறங்கியதும் இருபுறமும் காவலில்லாச் சரிவுகள்! மணிக்கணக்காய் நடந்து ஏறுபவரின் கால், அடிக்கு அடி பனியைச் சோதித்துக்கொண்டே போகிறது. ஊர்தியில் போனவருக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. எனவே அவர் இன்னும் அதிக விழிப்போடு இருத்தல் வேண்டும்.

அடுக்கின் இரகசியம்

மேலே பார்த்தால் பனி ஒரே வெள்ளை. உள்ளே வெட்டிப் பார்த்தால் அது ஓர் ஏட்டுச்சுவடி. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் ஏடு. வெயில் உருக்கி இறுகிய பொருக்கு ஓர் ஏடு. காற்று கொண்டுவந்து திணித்தது மற்றோர் ஏடு. குளிர்காலத்தின் வரலாறு முழுவதும் அங்கே வரிசையாய் அடுக்கப்பட்டிருக்கிறது.

பருவத் தொடக்கத்தில் சிறிதளவே பனி பெய்து, பின்பு பல நாள் தெளிந்த வானமும் கடுங்குளிருமாக இருந்தால் அடியிலுள்ள பனி மாறுதலடைகிறது. தரை சற்றே வெதுவெதுப்பாகவும் மேற்காற்று மிகக் குளிராகவும் இருப்பதால், ஆவி கீழிருந்து மேலே நகர்கிறது. ஒன்றோடொன்று பிணைந்திருந்த பனித்துகள்கள் சீனியைப் போலத் தனித்தனி மணிகளாகிவிடுகின்றன. இதன்மேல் பெருமழைபோல் புதுப்பனி விழுந்து கெட்டிப்பட்டால் என்னவாகும்? முறத்தில் ஒரு பிடி கேழ்வரகைப் பரப்பி, அதன்மேல் ஒரு சிலேட்டை வைத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சிலேட்டு முழுவதாய் வழுக்கி விழும். பனிச்சரிவு நிகழ்வதும் இவ்வாறே. சறுக்குபவர் ஒருவரின் எடையே அதற்குப் போதும்.

சாய்வும் கவனிக்க வேண்டிய ஒன்று. நம் ஜியோமெட்ரிப் பெட்டியிலுள்ள பாகைமானியை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட மலைச்சாய்வுகளில் கிளம்புகின்றன. சறுக்குவோர் மனம் விரும்பும் சாய்வும் அதுவே என்பதுதான் வேதனை. கிளம்பிய சரிவு அடிவாரத்துச் சமவெளிவரை பாய்வதால், கீழே நிற்பவரும் தப்புவதில்லை.

இனிக் காற்று. களத்தில் நெல் தூற்றும்போது, காற்று வரும் பக்கத்தில் பதர் நிற்பதில்லை. மறுபக்கத்தில் போய்க் குவிகிறது. மலைமுகட்டிலும் அப்படியே. பனி பெய்யாத நாளிலும் காற்று பனியை வாரி மறுபக்கச் சரிவில் சுமையேற்றிவிடும். வசந்தகாலத்திலோ காலையில் கல்லாயிருந்த பனி நண்பகல் வெயிலில் நனைந்து இளகிவிடும். ஆகையால்தான் விவரமறிந்தவர்கள் இருட்டிலேயே புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிறார்கள்.

எச்சரிக்கை எதற்கு?

துறைமுகங்களில் 1 முதல் 11 வரை புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை வானொலியில் கேட்டிருக்கிறோம். பனிச்சரிவிற்கும் அவ்வாறே குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம் என்று ஐந்து நிலைகளை ஐரோப்பிய நாடுகள் 1993-இல் வகுத்துக்கொண்டன. நம் நாட்டில் பனிச்சரிவை ஆராய 1969-இல் மணாலியில் ஓர் ஆய்வு நிறுவனம் தோன்றியது. அது 2020-இல் மற்றோர் ஆய்வுக்கூடத்துடன் இணைக்கப்பட்டு, பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனமாக எச்சரிக்கைப் பணியைத் தொடர்கிறது.

ஆல்ப்ஸ் மலையில் உயிரிழப்பு மிகுதியாக நேர்வது ஐந்தாம் நிலையில் அன்று, மூன்றாம் நிலையில்! ஐந்தைக் கேட்டால் எல்லோரும் வீட்டிலிருந்துவிடுகிறார்கள். மூன்றைக் கேட்டால், "பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். சறுக்குவோர் சிக்கும் விபத்துகளில் பத்தில் ஒன்பது, சிக்கியவராலோ உடன் வந்தவராலோ கிளப்பப்பட்டவை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் தென்னந்தோப்புகளைச் சாய்த்த இரவை மறவாத நமக்கு, எச்சரிக்கையை மதிப்பதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பனியில் புதைந்தவரை முதல் கால்மணி நேரத்திற்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரைமணி கடந்தால் பெரும்பாலோர் மூச்சடைத்து இறக்கிறார்கள். நின்றுபோன சரிவு சிமெண்டுபோல் இறுகிவிடுவதால், உள்ளே இருப்பவர் விரலைக்கூட அசைக்க முடியாது. அடிவாரத்திலிருந்து உதவி வந்து சேரும்வரை காலம் காத்திராது. எனவே ஒவ்வொருவரும் மூன்று பொருள்களைக் கொண்டு செல்வர்: 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஒலிக்கும் சிறு வானொலிக் கருவி, பனியில் குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வாரி போன்ற ஓர் அள்ளுகருவி. அபாயமான சரிவில் ஒருவர் பின் ஒருவராகவே இறங்குவர். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண்ணிமைக்காமல் பார்த்திருப்பர். இங்கே ஒருவரின் உயிர் அவருடைய தோழரின் கையில் இருக்கிறது.

பனியில் பிறந்த அன்புப்பணி

இந்தத் தோழமையைத் திருச்சபை நெடுங்காலமாக அறியும். சுவிட்சர்லாந்திற்கும் இத்தாலிக்கும் இடையே 2,469 மீட்டர் உயரக் கணவாயில், 11-ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து வழிப்போக்கருக்காக ஓர் இல்லம் அமைத்தார். அகுஸ்தீன் சபைத் துறவியர் இன்றும் அங்கே வருவோரை வரவேற்கின்றனர். குளிர்காலத்தில் சாலை மூடிவிடும். பனிப்பலகையிலோ பனிச்செருப்பிலோ நடந்துதான் போக வேண்டும். அங்கே வளர்ந்த நாய்களுள் 1814-இல் இறந்த பாரி என்பது நாற்பதுக்கு மேற்பட்டோரைக் காப்பாற்றியதாகப் புகழ் பெற்றது. தாமே மலையேறும் வீரராயிருந்த திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர், 1923-இல் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

நம் நாட்டிலும் பனி பலரைப் பலி கொண்டிருக்கிறது. குல்மார்க் அருகே 2010 பிப்ரவரி 8 அன்று பயிற்சியிலிருந்த இராணுவ வீரர் 17 பேர் பனிச்சரிவில் உயிர்நீத்தனர். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வட் மலையில் போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர். உலர்ந்த ஜனவரிக்குப்பின் பெரும்பனி பெய்த 2024 பிப்ரவரியில் உருசிய நாட்டவர் ஒருவர் இறந்தார். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரக் காவல்முனையில், மெட்ராஸ் ரெஜிமெண்டின் பத்து வீரர்களைப் பனி மூடியது. அவர்களுள் நால்வர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறு நாட்களுக்குப்பின் உயிரோடு மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவுக்காக நாடே மன்றாடியது. பிப்ரவரி 11 அன்று அவரும் மறைந்தார். பனி நமக்கு அந்நியம் என்று இனிச் சொல்ல முடியுமா?

விளையாடப் போனவர் தம் விருப்பத்தால் போனவர், திரும்பிவிடலாம். காவலுக்கு நின்றவர் கடமையால் நின்றவர், திரும்ப முடியாதவர். திரும்பும் உரிமை பெற்றவர்கள் அதை நல்லமுறையில் பயன்படுத்துவதே அறிவுடைமை. நல்ல வழிகாட்டி, உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும், காலடியில் பனி 'வூம்' என்று அமுங்கும் ஒலி கேட்டால் அக்கணமே திரும்பிவிடுவார். அதை யாரும் கோழைத்தனம் என்று சொல்வதில்லை.

'ஆழம் அறியாமல் காலை விடாதே' என்று நம் முன்னோர் குளத்தைப் பார்த்துச் சொன்னது, காணாத பனிக்கும் பொருந்துகிறது. தலையாய புண்ணியங்கள் நான்கனுள் விவேகத்தைத் திருச்சபை முதலில் வைத்திருப்பதும் இதனாலன்றோ? வெளியழகு மட்டுமே கண்டு மயங்காமல் உள்ளடுக்கை ஆராயவும், எச்சரிப்போர் சொல் கேட்கவும், வேண்டியபோது வெட்கப்படாமல் திரும்பவும், தோழியரின் துயரில் முதலில் ஓடி நிற்கவும் பனிமய அன்னை நமக்கு வரம் பெற்றுத் தருவாராக!