பட்டினியும் பழக்கமும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், எமது இடுப்புப் பட்டியில் புதிதாக ஒரு துளையிட வேண்டிய நிலை ஏற்பட்டது. எமது தந்தையார் நீரிழிவினால் கால் விரல்களை இழந்தவர். ஆதலின் இதனை நகைத்து ஒதுக்க எம்மால் இயலவில்லை. அன்றே சோற்றைத் துறந்தோம். காலையில் ஒரு வாழைப்பழமும் இரவில் சூப்புமாக நாற்பது நாட்கள் கழிந்தன. ஐந்து கிலோ குறைந்தது. நண்பர்கள் வியந்தனர், மாணவர்களோ எமது சினத்திற்கு அஞ்சி ஒதுங்கினர். தைப்பொங்கலுக்குள் ஆறு கிலோ ஏறிவிட்டது!

இஃது எமது மனவுறுதியின் குறையென்றே நாணினோம். பின்னரே அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர் 1944, 1945ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆய்வைப்பற்றி வாசித்தோம். நல்லுடல் வாய்ந்த 36 இளைஞர்கள் ஆறு மாதம் அரைவயிறு உண்டனர். உடல் எடையிற் காற்பங்கு போயிற்று. பகலெல்லாம் உணவு நினைவே. சிலர் சமையல் நூல்களை விரும்பிப் படித்தனராம். தடை நீங்கியதும் அடங்காப் பசியுடன் உண்டனர். அவர்கள் எம்மைப் போற் பருத்தவர் அல்லர் என்பது உண்மையே. ஆயினும் பட்டினியின் பின்வரும் பசி எத்தகையது என்பது விளங்கிற்று.

ஆகவே, வாழ்நாள் முழுவதும் செய்யக்கூடியது யாது என்று தேடினோம். முதலிற் கண்ணிற் பட்டது தேநீர். நாளொன்றுக்கு ஐந்து கோப்பை. கோப்பைக்கு இரண்டு கரண்டிச் சீனி. கரண்டிக்கு 4 கிராம் எனக் கொண்டால் நாளுக்கு 40 கிராம்; ஓராண்டில் 14 கிலோவுக்கு மேல்! கணிதம் கற்பிக்கும் எமக்கு இக்கணக்கு அதுவரை தோன்றாதது விந்தையே. மாதத்திற்கு அரைக் கரண்டியாகக் குறைத்தோம். நாவும் மெல்லப் பழகிற்று. மாலையில் மட்டும் எம்மவர் வழமைப்படி ஒரு சிறு பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்கின்றோம். பனங்கட்டியும் இனிப்பே, ஆயினும் துண்டு சிறிது.

சோற்றை விடவில்லை. சிவப்பரிசிச் சோறு ஓரளவும், முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல் முதலியன மிகுதியுமாகத் தட்டு மாறிற்று. இரவிற் குரக்கன் பிட்டு. தேங்காய்ப்பூ மட்டும் பாதி. “இதற்கு முன்னும் இவற்றைத்தானே சமைத்தேன்?” என்று இல்லாள் கேட்டதற்கு எம்மிடம் விடையில்லை.

ஓராண்டில் நான்கு கிலோ குறைந்தது, இன்றுவரை மீளவில்லை. தீபாவளியன்று அன்னையார் எம்மை உற்று நோக்கி, “என்ன தம்பி, ஏதும் வருத்தமோ?” என்று கேட்டு இரண்டாம் முறையும் பாயசம் வார்த்தார். மறுக்காது பருகினோம். மறுநாட் காலை வழமைபோலச் சீனியில்லாத் தேநீர்.