தண்ணி மாதிரி தெரியுற மருந்தை எப்படி சரிபார்ப்பது?

இன்னைக்கு எபிசோடு ஆஸ்பத்திரி பார்மசிக்குள்ள நடக்கிற ஒரு வேலையைப் பத்தி. நரம்பு வழியா ஏத்துற மருந்துகள் பலதும் ரெடிமேடா வர்றதில்ல. குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுத்து, சலைன் பையில் கலந்துதான் வார்டுக்கு அனுப்புவாங்க. அந்தக் கலக்குற இடத்துல நடக்கிற தப்பை மென்பொருள் எப்படி தடுக்குதுன்னு பார்க்கலாம்.

2006-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம், கிளீவ்லேண்ட் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது இது. இரண்டு வயசுக் குழந்தைக்கு கடைசி ரவுண்டு கீமோ. மருந்தை 0.9 சதவீத உப்புக் கரைசலில் கலந்திருக்கணும். டெக்னீஷியன் பயன்படுத்தியது 23.4 சதவீதக் கரைசல். 26 மடங்கு வித்தியாசம். பார்மசிஸ்ட் பார்த்து ஓகே சொன்னார். குழந்தை இறந்துபோச்சு.

2009-ல் அந்த பார்மசிஸ்டுக்கு ஆறு மாச சிறைத்தண்டனை. டெக்னீஷியன்களுக்குத் தேர்வும் பின்னணி விசாரணையும் கட்டாயம்னு ஓஹையோவில் சட்டமும் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனா எனக்கு இருக்கிற கேள்வி வேற: பார்மசிஸ்ட் பார்த்தாரே, எதைப் பார்த்தார்?

கலந்து முடிச்ச பையில் இருக்கிறது நிறமில்லாத திரவம். 0.9-ம் 23.4-ம் கண்ணுக்கு ஒண்ணுதான். பல இடங்களில், காலி சிரிஞ்சின் தண்டை பின்னாடி இழுத்து, "இவ்வளவு எடுத்தேன்"னு காட்டுவாங்க. அதாவது பார்மசிஸ்ட் பார்க்கிறது மருந்தை இல்ல, டெக்னீஷியனோட ஞாபகத்தை. கோட் ரிவியூ பண்றவர்கிட்ட கோடைக் காட்டாம, ஓடுற ஆப்பை மட்டும் காட்டி அப்ரூவல் கேட்கிற மாதிரி. மருந்துப் பிழைகளை ஆராயும் ஐஎஸ்எம்பி அமைப்பும் இந்த முறையை நம்பவேண்டாம்னு சொல்லுது.

இதுக்குன்னு வந்த மென்பொருள்கள் சோதனையை முன்னாடி நகர்த்துது. முதல் படி பார்கோடு. ஒவ்வொரு குப்பியையும் பையையும் ஸ்கேன் பண்ணணும். ஆர்டரோட பொருந்தலைன்னா அடுத்த படி திறக்காது. 23.4 அங்கேயே நின்னிருக்கும்.

ஆனா சரியான குப்பியை ஸ்கேன் பண்ணிட்டு, அளவைத் தப்பா எடுத்தா? அதுக்குத்தான் தராசு. எடுக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டு, வித்தியாசத்தை அந்த மருந்தோட அடர்த்தியால் வகுத்தா எத்தனை மில்லின்னு வந்துரும். 100 மில்லி சாதாரண சலைன் 100 கிராமுக்குக் கொஞ்சம் மேல; 23.4 சதவீதம்னா சுமார் 115 கிராம். கண்ணுக்குத் தெரியாதது தராசுக்குத் தெரியும். மூணாவதா கேமரா: ஒவ்வொரு படியும் போட்டோவா பதிவாகும், பார்மசிஸ்ட் பார்க்க நிஜமான ஒரு விஷயம் இருக்கும்.

எதுவும் தனியா போதாது. ஒரே அடர்த்தி உள்ள இரண்டு மருந்தை தராசு பிரிச்சுச் சொல்லாது. ஸ்கேன் பண்ணது ஒரு குப்பி, எடுத்தது பக்கத்துக் குப்பின்னா பார்கோடுக்குத் தெரியாது. டேட்டாபேஸில் அடர்த்தியைத் தப்பா ஏத்தியிருந்தா, மென்பொருளே தப்பை சரின்னு சொல்லும்.

நம்ம மாதிரி டெவலப்பர்கள் மறக்கக்கூடாத இன்னொரு விவரம்: அந்த நாள் காலையில் அந்த பார்மசியோட கம்ப்யூட்டர் வேலை செய்யல. ஆர்டர்கள் குவிஞ்சு, ஆள் பத்தாம, எல்லாரும் அவசரத்தில் இருந்தாங்க. மருந்து சீக்கிரம் வேணும்னு வார்டிலிருந்தும் போன் வந்தது.

அதனால இப்படி ஒரு சிஸ்டம் எழுதுறவங்க இரண்டு கேள்விக்கு பதில் வெச்சிருக்கணும். சர்வர் படுத்தா மருந்து எப்படி கலப்பாங்க? "பரவாயில்ல, தொடரு" பட்டனை யார் அழுத்தலாம், அது எங்க பதிவாகும்? அவசரத்தில் இருக்கிற ஆளுக்கு அந்த பட்டன் சுலபமா கிடைச்சா, நாம கட்டின தடுப்பு எல்லாமே சும்மா அலங்காரம்தான்.

உங்கள்ல யாராவது பார்மசியில் வேலை பார்த்தா, உங்க இடத்துல இது எப்படி நடக்குதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.