வெப்ளி ரிவால்வர், மார்க் 6

பர்மிங்காம் வெப்ளி அண்டு ஸ்காட் கம்பெனியின் தயாரிப்பு. 1915-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது. ஆறு தோட்டா, எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

சுத்தியை ஒட்டிய கொண்டியைக் கட்டைவிரலால் தள்ளினால் குழல் முன்பக்கம் மடங்கும். நட்சத்திரத் தகடு எழும்பி ஆறு கூடுகளையும் ஒரேயடியாக வெளியே தள்ளும். பழுது வருவதும் இங்கெல்லாம்தான்: கொண்டி தேய்ந்து ஆடும், கைப்பிடிக்குள் இருக்கும் ‘வி’ வடிவ ஸ்பிரிங் முறியும், உருளையைத் திருப்பும் நகம் மழுங்கும். புது நகம் கிடைத்தாலும் அப்படியே சேராது. உருளையின் ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக வந்து நிற்கும்வரை அரத்தால் ராவிப் பொருத்த வேண்டும். உடற்கட்டிலும் உருளையிலும் எண் பொறித்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உருளை வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்தது. செத்த ரிவால்வர்தான் இதற்கு உதிரிபாகக் கடை.

இப்படி ராவிப் பொருத்தும் வேலைக்கு மில் ஊரான ராஜபாளையத்திலும் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலும் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1959 ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி உரிமம் வேண்டும். எவ்வளவு கைதேர்ந்த கடைசல்காரரும் அது இல்லாமல் தொடக் கூடாது. உதிரிபாகத்துக்கு வேறு ரக ரிவால்வரையும் நம்ப முடியாது. கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரும் வெப்ளி வம்சம்தான். ஆனால் அது சிறிய மார்க் 4-இன் வழி வந்தது. அதன் பாகங்கள் மார்க் 6-க்குப் பொருந்தா.