எழுத்துக்கும் இடம் வேண்டும்!

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது, புன்னைக்காயல். தூத்துக்குடிக்குத் தெற்கே, முத்துக்குளித்துறையைச் சேர்ந்த ஊர்.

1586-ம் ஆண்டில் இங்கே ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாயிற்று. பெயர், "அடியார் வரலாறு". 600 பக்கங்களுக்கு மேல்! அச்சிட்டவர், போர்ச்சுக்கல் நாட்டுப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார். முத்துக் குளித்த பரதவ மக்களுக்காக வந்த புத்தகம் அது.

அச்சு வருவதற்கு முன்பு தமிழர் படித்தது ஓலைச்சுவடி. அதில் சொல்லுக்குச் சொல் இடம் விடும் வழக்கம் இல்லை. எப்படிப் படித்திருப்பார்கள்? இதைப் படித்துப் பாருங்கள்:

முத்தெடுக்கப்போனவர்மாலையில்கரைக்குத்திரும்பிவந்தார்.

இப்போது இதைப் படியுங்கள்:

முத்தெடுக்கப் போனவர் மாலையில் கரைக்குத் திரும்பி வந்தார்.

எழுத்து அதேதான். இடம் விட்டதும் வேகம் வந்துவிட்டது!

கண் தாவுகிறது

படிக்கும்போது கண் ஒரே ஓட்டமாக ஓடுவது இல்லை. தாவித் தாவிப் போகிறது. நிற்கும் இடத்தில்தான் எழுத்தைப் பிடிக்கிறது. எழுத்துகள் நெருக்கியடித்து நின்றால், ஒன்று மற்றொன்றைக் குழப்பும். அளவுக்கு மீறி விலகி நின்றாலோ, சொல் சிதறிவிடும்.

எழுத்தின் அளவும் அப்படியே. மிகச் சிறிதானால் வேகம் சட்டென்று குறையும். ஓர் அளவுக்கு மேல் பெரிதாக்கினால் வேகம் கூடாது. காகிதச் செலவுதான் கூடும்.

தரங்கம்பாடியில் இந்தத் தொல்லை வந்தது. ஜெர்மனியில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் அங்கே வந்து சேர்ந்தன. சீகன்பால்கு அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கினார். எழுத்தோ பெரிது, காகிதமோ குறைவு. ஆகவே, பக்கத்தில் உள்ள பொறையாரில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் புத்தகம் முடிந்தது.

பெரிய எழுத்துக் கதைகள்

ஆனால், புதிதாகப் படிப்பவருக்குப் பெரிய எழுத்துதான் துணை. கதைப் புத்தகம் விற்றவர்கள் இதை நன்றாக அறிவார்கள். "பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை" என்று அட்டையிலேயே போட்டு விற்றார்களே!

2012-ல் ஒரு சோதனை முடிவு வெளிவந்தது. படிப்பதில் தடுமாறும் இத்தாலி, பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு, எழுத்துகளைச் சற்று விலக்கி அச்சிட்டுக் கொடுத்தார்கள். தனிப் பயிற்சி எதுவும் இல்லை. பிழைகள் பாதியாகக் குறைந்தன. வேகம் 20 சதவீதத்துக்கு மேல் கூடியது!

உங்கள் வீட்டில்...

உங்கள் பிள்ளை எழுத்துக்கூட்டித் திணறுகிறானா? "மக்கு" என்று திட்டாதீர்கள். வயது வந்தபின் எழுத்துக் கற்ற அம்மா, "எனக்கு இது வராது" என்று புத்தகத்தை மூடுகிறாரா? 40 வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வருவது இயற்கை. மூக்குக்கண்ணாடி போட்டால் தீரும்.

முதலில் பெரிய எழுத்தில், நல்ல இடைவெளி விட்டு அச்சான புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். பிறகும் தடுமாறினால், கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

குறை படிப்பவரிடம் இல்லாமல், பக்கத்திலேயே இருக்கலாம் அல்லவா?