கிணற்றடியில் அமர்ந்தவர்

விளக்கு, உப்பு, புளித்த மா, திரிகைக்கல், மீன்வலை, கதவு என நாம் அன்றாடம் கண்டும் கையாண்டும் வரும் பொருள்களைக் கொண்டே திருவிவிலியம் இறைவனைப் பற்றிப் பேசுகின்றது. இவற்றுள் உப்பும் விளக்கும் மறையுரைகளில் அடிக்கடி இடம்பெறுவன. கிணறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. திருவழிபாட்டின் முதலாம் ஆண்டில், தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று சமாரியப் பெண்ணைப் பற்றிய நற்செய்தி வாசிக்கப்படும்போது அது நம் நினைவுக்கு வருகின்றது. அப்போதும் நமது கவனம் அப்பெண்ணின் ஐந்து கணவர்மாரிடமே சென்றுவிடுகின்றது. அவ்வுரையாடல் ஏன் ஒரு கிணற்றடியில் நிகழ்ந்தது என்று கேட்க மறந்துவிடுகின்றோம்.

விவிலிய நாட்டில் ஏறத்தாழ ஒக்டோபர் தொடக்கம் ஏப்ரல் வரையான மாதங்களிலேயே மழை பெய்யும். எஞ்சிய காலமெல்லாம் வானம் வறண்டிருக்கும். ஆகவே நீர் எங்கிருந்து வருகின்றது என்பது அம்மக்களுக்கு வாழ்வா சாவா என்னும் கேள்வியாயிற்று. எபிரேய மொழியில் நிலத்தடி ஊற்றுள்ள கிணற்றுக்குப் ‘பெஏர்’ என்றும், மழைநீரைத் தேக்கிவைப்பதற்காகப் பாறையில் வெட்டிய தொட்டிக்குப் ‘போர்’ என்றும் பெயர். பெயேர்செபா என்னும் ஊர்ப்பெயரின் முன்பகுதி அந்தக் கிணறே. ஊற்றிலிருந்து ஓடிவரும் நீரை அவர்கள் ‘உயிருள்ள தண்ணீர்’ என அழைத்தனர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்தோருக்கு இதனை விளக்கவேண்டிய அவசியம் இல்லை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறொன்று இல்லாத அம்மண்ணில், சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கிய மழைநீரே கிணறாக நின்று மக்களைக் காத்துவந்துள்ளது.

விவிலியத்தில் நீரூற்றருகே இறைவனின் தூதரை முதலில் சந்தித்தவள் ஓர் அடிமைப்பெண் என்பது கவனிக்கத்தக்கது. தலைவி சாராவின் கொடுமைக்கு அஞ்சி ஓடிய ஆகார், சூருக்குச் செல்லும் வழியில் ஒரு நீரூற்றருகே இருந்தாள். எங்கிருந்து வருகின்றாய், எங்கே செல்கின்றாய் என்று தூதர் அவளிடம் வினவினார். வீட்டில் எவரும் அவளிடம் கேட்டிராத கேள்வி அது. அவளோ, தன்னைக் காண்கின்ற இறைவன் என அவருக்குப் பெயரிட்டாள். அந்தக் கிணற்றுக்கும் அப்பெயரே நிலைத்தது. குலமுதல்வர்கள் எவரும் செய்யாத ஒன்றை, இறைவனுக்குப் பெயர் சூட்டுவதை, எகிப்திய அடிமையொருத்தி செய்தாள்.

பின்னர் அவள் மகனோடு முற்றாகவே துரத்தப்பட்டபோது, பெயேர்செபாப் பாலைநிலத்தில் தோற்பையிலிருந்த தண்ணீர் தீர்ந்துபோயிற்று. பிள்ளை சாவதைக் காணப் பொறாமல், அவனை ஒரு புதரடியில் விட்டுவிட்டு, அம்பு எறியும் தூரத்தில் அமர்ந்து அழுதாள். அப்போது இறைவன் புதிய கிணறு ஒன்றைத் தோண்டிக் கொடுத்ததாகத் தொடக்க நூல் சொல்லவில்லை. அவளுடைய கண்களைத் திறந்தார் என்றே சொல்கின்றது. கிணறு ஏற்கனவே அங்கே இருந்தது. கண்ணீர் அதனை மறைத்திருந்தது போலும்.

ஈசாக்கின் வரலாறு வேறுவகையானது. அவருடைய தந்தை ஆபிரகாம் தோண்டிய கிணறுகளை, ஆபிரகாமின் மறைவுக்குப் பின் பெலிஸ்தியர் மண்ணிட்டுத் தூர்த்துவிட்டனர். ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டி, தந்தை வழங்கிய பெயர்களையே அவற்றுக்கு இட்டார். கெரார்ப் பள்ளத்தாக்கில் அவருடைய பணியாளர் புதிதாகத் தோண்டியபோது ஊற்றுநீர் கிடைத்தது. உடனே அவ்வூர் மேய்ப்பர், தண்ணீர் எங்களுடையது என்று வழக்காடினர். அக்கிணற்றுக்கு அவர் ‘ஏசேக்கு’, அதாவது வாக்குவாதம் எனப் பெயரிட்டார். அடுத்த கிணற்றுக்கும் சண்டை எழுந்தது. அதன் பெயர் ‘சித்னா’, பகை. அவரோ வாளை எடுக்காமல் அவ்விடத்தை விட்டு அகன்று மூன்றாவதைத் தோண்டினார். அதற்கு எவரும் வழக்காட வரவில்லை. அதனை ‘இரகபோத்து’, விசாலமான இடம், என்று அழைத்தார்.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் சொந்தக் காணிகளுக்குத் திரும்பிய எத்தனையோ குடும்பங்கள், வீட்டுக்குக் கூரை போடுமுன்னரே குப்பையும் கல்லும் நிறைந்துகிடந்த கிணற்றை இறைக்க இறங்கின. தொடக்க நூலின் 26ஆம் அதிகாரத்தை அவர்கள் எந்த விரிவுரையும் இன்றி விளங்கிக்கொள்வர். எனினும் அதே அதிகாரம் நம்மைச் சங்கடப்படுத்தவும் செய்கின்றது. நமது காணி உறுதிகளில் நிலத்தோடு சேர்த்து, கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் எழுதப்படுவது வழக்கம். அந்தப் பங்குக் கிணற்றின் பொருட்டு உடன்பிறந்தவர்கள் நீதிமன்றப் படியேறியதும், ஒரே பங்கின் ஒரே ஆலயத்தில் ஒருவர் முகத்தை மற்றவர் பாராது திருப்பலி கண்டதும் நாம் அறியாதவை அல்ல. கிணற்றின் பங்குக்கும் திருச்சபையின் பங்குக்கும் தமிழில் ஒரே சொல் அமைந்துவிட்டது.

கிணற்றை யார் காவல் செய்வது என்பதும் விவிலியத்தில் தொடர்ந்து எழும் வினாவாகும். காரான் நாட்டுக் கிணற்றின் வாயில் பெரிய கல் ஒன்று மூடியிருந்தது. எல்லா மந்தைகளும் வந்துசேர்ந்த பின்னரே அதனைப் புரட்டுவது ஊர் வழக்கம். ஒருவர் முந்திக்கொண்டு நீரை எடுத்துவிடாதிருக்கும் பொருட்டே இந்த ஏற்பாடு என்று கருதலாம். மிதியான் நாட்டிலோ வலியவர்களின் ஆட்சி. குருவின் ஏழு புதல்வியர் தொட்டிகளில் நீர் நிரப்பிய பின், மேய்ப்பர் வந்து அவர்களை விரட்டினர். அந்நியராகவும் அகதியாகவும் அங்கே அமர்ந்திருந்த மோசே எழுந்து பெண்களுக்குத் துணைநின்றார். ரெபேக்காவோ எவரும் கேளாமலே பத்து ஒட்டகங்களுக்கும் நீர் வார்த்தாள். நெடுந்தொலைவு நடந்து தாகித்த ஒட்டகம் ஒரே வேளையில் ஏறத்தாழ 100 லீற்றர் குடிக்கக்கூடியது. தோளிற் குடத்தோடு அப்பெண் எத்தனை முறை ஊற்றுக்கு இறங்கி ஏறியிருப்பாள் என்பதைத் தண்ணீர் சுமந்த நமது தாய்மாரிடந்தான் கேட்கவேண்டும்.

ஊற்றற்ற தொட்டியின் குறியீடு இதற்கு மாறானது. யோசேப்பைச் சகோதரர் தள்ளியது நீரற்ற ஆழ்குழியில். எரேமியாவை இறக்கியது சேறு நிறைந்த தொட்டியில். ஊற்றாகிய இறைவனைக் கைவிட்டு, நீர் தங்காத வெடித்த தொட்டிகளை மக்கள் குடைந்துகொண்டனர் என்று முன்னர் முழங்கிய அதே இறைவாக்கினர், பின்னர் அத்தகைய தொட்டியொன்றினுள்ளேயே அமிழ்ந்தார். அவரைத் தூக்கியெடுத்தவர் எபேது மெலேக்கு என்னும் கூசு நாட்டவர். கயிறு அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளுமாறு பழந்துணிகளையும் அவர் கீழே இறக்கினார். விவிலியத்தில் நான் மிகவும் விரும்பும் சிறு செயல்களுள் இதுவும் ஒன்று.

அன்பார்ந்த வாசகர்களே, இவற்றையெல்லாம் நெஞ்சிற் கொண்டு சிக்கார் ஊர்க் கிணற்றடிக்கு வருவோம். யாக்கோபின் கிணறு என வழங்கும் அது, இன்றைய நாபுலுஸ் நகரில் கிரேக்க ஓர்த்தடொக்ஸ் ஆலயமொன்றின் கீழறையில் உள்ளது. ஏறத்தாழ 40 மீற்றர் ஆழமானது. கிணறு ஆழமானது, உம்மிடம் நீர் மொள்ளப் பாத்திரமும் இல்லை என அப்பெண் சொன்னது மிகையன்று.

நண்பகல் வேளை. இயேசு நடந்த களைப்பால் அமர்ந்திருக்கின்றார். நீர் மொள்ள வந்த பெண்ணிடம், குடிக்கத் தண்ணீர் தருமாறு கேட்கின்றார். அவள் திகைக்கின்றாள். யூதர் சமாரியரோடு பழகுவதில்லை என்று நற்செய்தியாளர் அதற்கு விளக்கம் தருகின்றார். அங்குள்ள கிரேக்கச் சொல்லை, ஒரே பாத்திரத்தைப் பயன்படுத்துவதில்லை என்று பொருள்கொள்ளும் அறிஞரும் உளர். சமாரியப் பெண்கள் பிறப்பிலிருந்தே தூய்மையற்றோர் என்னும் கருத்து யூத மரபுச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில் காணப்படுகின்றது. அவர்கள் தொட்ட பாத்திரமும் தீட்டாகும். இயேசுவிடமோ வாளி இல்லை. ஆதலால் அவர் கேட்டது தண்ணீரை மாத்திரமன்று, அவளுடைய பாத்திரத்தையும்தான்.

இதனை நாம் தொலைதூர யூதரின் குறையாக எண்ணிக் கடந்துசெல்ல முடியாது. நமது கிராமங்களிலும் சிலர் கிணற்றுக்கட்டில் ஏறமுடியாத காலம் இருந்தது. பிறர் அள்ளி மேலிருந்து வார்க்கும்வரை அவர்கள் வெறுங்குடத்தோடு காத்துநின்றனர். தேநீர் அருந்தவும் அவர்களுக்கு வேறு பாத்திரம் வைக்கப்பட்டது. சாதியின் பேரால் இத்தகைய தடைகள் விதிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957ஆம் ஆண்டிலேயே வந்தது. அந்நாளில் கிணற்றுக்கட்டின் மேல் நின்றவர்களுள் ஞாயிறு தோறும் நற்கருணை உட்கொண்ட கத்தோலிக்கரும் இருந்தனர். அந்தப் பழக்கம் முற்றாக ஒழிந்துவிட்டது என்று சத்தியம் செய்யக்கூடியவர் தம் வீட்டு அடுக்களையில் தனியாக ஒதுக்கிவைத்துள்ள குவளை யாருக்கென்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.

அப்பெண்ணின் ஐந்து கணவர்மாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணவிலக்கு அளிக்கும் உரிமை பெரும்பாலும் ஆணிடமே இருந்த காலம் அது. கணவர்கள் இறந்தும் இருக்கலாம். இயேசு அவளைப் பாவி என அழைக்கவுமில்லை, இனிப் பாவம் செய்யாதே எனச் சொல்லவுமில்லை. நாமே அவளுக்கு அப்பட்டத்தைச் சூட்டினோம்.

யோவான் இங்கே இரு சொற்களைக் கையாளும் முறை நுட்பமானது. இயேசு வந்து அமரும்போது அதனை ஊற்று என்கின்றார். பெண்ணின் வாயில் அது வெறும் கிணறு. பின்னர் இயேசு, தாம் தரும் தண்ணீர் அதனைக் குடிப்பவருக்குள்ளேயே பொங்கும் ஊற்றாகும் என்று முதற்சொல்லையே மீண்டும் எடுக்கின்றார். பெயேர்செபாப் பாலையில் ஆகாரின் கண்கள் திறந்ததுபோல, இவளுடைய கண்களும் சிறிது சிறிதாகத் திறக்கின்றன. யூதர், ஐயா, இறைவாக்கினர், மெசியாவோ என அவள் அவரை அழைக்கும் முறை படிப்படியாக உயர்கின்றது.

அவள் இயேசுவுக்குத் தண்ணீர் கொடுத்தாளா? நற்செய்தி அதனைக் கூறவில்லை. இதே நற்செய்தியில் இன்னொரு நாள், மீண்டும் நண்பகல் வேளையில், பிலாத்து அவரை மக்கள் முன் நிறுத்துகின்றான். பின்னர் சிலுவையில் அவர் தமது தாகத்தைச் சொல்கின்றார். அங்கே அவருக்குக் கிடைத்தது கடற்காளானில் தோய்த்த புளித்த திராட்சை இரசம்.

சிக்காரிலோ அப்பெண் குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். அவளுடைய சொற்கேட்டு வந்த சமாரியர், தங்களோடு தங்குமாறு இயேசுவை வேண்டினர். அவரும் இரண்டு நாள் அவ்வூரில் தங்கினார். அவர்கள் வீட்டில் உறங்கினார், அவர்கள் பாத்திரங்களில் உண்டார், அவர்கள் கிணற்று நீரைக் குடித்தார்.